ராணியை வரிசையில் நிற்க வைத்தவள்

அம்மாவுக்கு ராணியைப் பிடிக்காது. இதை முதலில் சொல்லியாக வேண்டும். போன வாரம் அம்மாவின் சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், ராணியம்மாவுக்கு எவ்வளவு விசுவாசமாக இருந்த மனுஷி என்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். சுத்தப் பொய். காதில் விழுந்திருந்தால் அம்மாவே எழுந்து உட்கார்ந்து மறுத்திருப்பாள்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்குக் கல்யாணமான வருஷம் அவளுடைய அப்பாவுக்கு மார்வலி வந்தது. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் சாலையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ராணியின் கார் வரப்போகிறதாம். ஆஸ்பத்திரி கயிற்றுக்கு அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். கயிற்றைப் பிடித்திருந்த காவலரிடம் அம்மா கெஞ்சினாள், கத்தினாள், காலில் விழாத குறை. அவர் அசையவில்லை. ராணியின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வழுக்கினாற்போலப் போனது. கயிறு இறங்கியபோது வாடகைக் காருக்குள் அவசரம் எதுவும் மிச்சமில்லை.

ஆகவே ராஜா செத்து, இளவரசர் எல்லை தாண்டி ஓடி, ஆட்சிக்குழு என்று ஒன்று வானொலியில் பேச ஆரம்பித்தபோது அம்மா அழவில்லை. அப்பா பஸ் டிரைவர். டிப்போவிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து செய்தி சொன்னார். "தொலைஞ்சுதா" என்று கேட்டுவிட்டு அம்மா இன்னொரு தரம் டீ போட்டாள்.

அரண்மனையின் பக்கவாசலுக்கு எதிரே இருந்த சின்னத் தபால் ஆபீஸில் அவளுக்கு வேலை. முன்னறையில் கம்பி வலை போட்ட கவுண்ட்டர். பின்னறையில் கடிதம் பிரித்துப் போடும் அலமாரி, நீள மேசை, அரக்கு உருக்க ஒரு சின்ன அடுப்பு. ஆபீஸுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இரண்டு அறை குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தால் வேலை, சாத்தினால் வீடு. கவுண்ட்டரில் ஒரு பழைய பித்தளைத் தராசு. தட்டில் எதை வைத்தாலும் முள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்கும்வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பாள். அவசரப்படுத்துகிறவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள்.

போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். முதுகெலும்பைத் தவிர மற்ற எல்லா எலும்பும் அவருக்குச் சரியாக இருந்தன. யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். ஊரில் அவர் பெயரே ஆகட்டும் என்றாகிவிட்டது. ராஜா காலத்திலும் ஆகட்டும், ஆட்சிக்குழு காலத்திலும் ஆகட்டும்.

அரண்மனைக் கடிதங்களுக்கு அதுவரை தபால்தலை கிடையாது. உறையின் மூலையில் அரண்மனை முத்திரை இருந்தால் போதும், உலகத்தையே சுற்றிவரும். ஆட்சிக்குழு வந்த கையோடு அந்தச் சலுகையை வெட்டியது. இனி யாராக இருந்தாலும் காசு கொடுத்துத் தபால்தலை வாங்க வேண்டும் என்றது. அம்மாவுக்கு அதில் முழுச் சம்மதம். நம்ம வீட்டுக் கடுதாசிக்கு ஒரு நியாயம், அவங்க வீட்டுக் கடுதாசிக்கு ஒரு நியாயமா என்று அவளே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

சிக்கல் தபால்தலையில் இருந்தது. புதிது அச்சாகி வரவில்லை. பழையதில் செத்துப்போன ராஜாவின் முகம். அதையே எடுத்து, அவர் கண்களின் மேல் கறுப்பாக ஒரு பட்டையை அச்சடித்து விற்பனைக்கு அனுப்பினார்கள்.

ராணியை அரண்மனையின் பின்கட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். பத்திரிகை இல்லை, வானொலி இல்லை, போன் இல்லை. வெளிநாட்டில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று ஆட்சிக்குழு பெரிய மனது பண்ணி அறிவித்திருந்தது. ராணி எழுதினாள். எழுதி, அரக்கு வைத்து ஒட்டி, பக்கவாசல் பெட்டியில் போட வைத்தாள். தபால்தலை மட்டும் ஒட்டவில்லை. புருஷனின் கண்ணை மறைத்த காகிதத்தைத் தன் கையால் ஒட்ட மாட்டாளாம்.

ஆட்சிக்குழுவுக்கு வேண்டியதும் அதுதான். தபால்தலை இல்லாத கடிதம் கேட்பாரற்ற கடிதம், அதைச் சோதனை அதிகாரி திறக்கலாம் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். அதற்கென்று ஒருவர் வந்து பின்னறை மூலையில் மேசை போட்டு உட்கார்ந்தார். மெலிந்த ஒரு கத்தி வைத்திருந்தார். உறை கிழியாமல், அரக்கு உடையாமல், ஓரத்தை மட்டும் நூல் பிடித்தாற்போலத் திறப்பார். அம்மா அவருக்கு வைத்த பெயர் கத்தி. பேச்சு மட்டும் வெல்லம். எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சி.

பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பிரிப்பது அம்மாவின் வேலை. தபால்தலை இல்லாததை எடுத்துக் கத்தியின் தட்டில் வைப்பதும் அவள்தான்.

கத்தி படித்துவிட்டுத் தேர்ந்தெடுத்ததை அரசாங்கப் பத்திரிகை 'அந்தப்புர அஞ்சல்' என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டது. முதலில் வந்தது முட்டைக் கடிதம். முட்டையை எவ்வளவு நேரம் வேக வைக்க வேண்டும், தண்ணீர் கொதித்த பிறகு போடுவதா முன்னாலேயே போடுவதா என்று ராணி மகளிடம் கேட்டிருந்தாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா ராணி மாதிரிக் குரலை இழுத்துப் படித்துக் காட்டினார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்து மூட்டுவலிக் கடிதம் வந்தது. அதற்கும் சிரிப்புத்தான்.

மூன்றாவதைப் படிக்க ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்திப் பத்திரிகையை மடித்தார்.

"முழுசாப் படிங்க" என்றாள் அம்மா.

"நல்லா இல்லை, விடு."

அம்மா பிடுங்கிப் படித்தாள். மகளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அதற்கு ராணி எழுதிய ஆறுதல் அது. உன்மேல் தப்பில்லை, மாடிப்படி ஏறியதால் இல்லை, அழுததால் இல்லை, உனக்கு முன்னால் எனக்கும் ஒன்று இப்படிப் போனது, உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாள். அந்த 'யாருக்கும் தெரியாது' என்கிற வரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அம்மாவுக்கும் முந்தின வருஷம் ஒன்று தங்கவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் இருந்தது. மறுநாள் டீக்கடையைக் கடந்து போகும்போது உள்ளேயிருந்து ஒரு குரல், "முட்டையும் வேகல, பிள்ளையும் நிக்கல" என்றது. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அம்மா நின்றாள். சொன்னவன் மூஞ்சியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தாள். அந்தக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தது தன் கை என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த கடிதம் பெட்டியில் விழுந்தது. அதையும் தபால்தலை இல்லாமல்தான் போட்டிருந்தாள் ராணி. அம்மா தன் பர்ஸைத் திறந்து, காசைத் தானே கல்லாவில் போட்டு, தபால்தலையைத் தானே கிழித்து, தானே ஒட்டினாள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. கத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தாள். தேதி முத்திரையை எடுக்கக் கையை நீட்டுவதற்குள் அவர் வந்து உறையை எடுத்துக்கொண்டார். பசை காயாத தபால்தலையை நகத்தால் உரித்து, மேசை விளிம்பில் ஒட்டினார்.

"தங்கச்சி, உங்க அப்பா எப்படிச் செத்தார்னு எனக்குத் தெரியும். அந்தக் கயித்தை மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"அப்புறம் யாருக்காக இதெல்லாம்?"

"கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் மூஞ்சியையும் மறக்கல சார். உங்க மூஞ்சி மாதிரியேதான் இருந்துச்சு."

சாயங்காலத்துக்குள் புது உத்தரவு சுவரில் ஒட்டப்பட்டது. அரண்மனைக் கடிதத்துக்கு எழுதியவரே நேரில் கவுண்ட்டருக்கு வந்து தபால்தலை வாங்கி ஒட்ட வேண்டும். ஊழியர் யாராவது ஒட்டினால் வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும். ராணி எங்கே கவுண்ட்டருக்கு வரப்போகிறாள் என்ற தைரியம் கத்திக்கு. ஆகட்டும் அதைப் படித்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வாயும் வயிறுமா இருக்கிறவ உனக்கெதுக்கும்மா இந்த வம்பு என்று மன்றாடினார். அப்பாவும் வீட்டில் அதையே சொன்னார். பிள்ளை பிறக்கப் போகிறது, தலைக்கு மேல் கூரை வேண்டும்.

அந்தச் சமயத்தில் மகளிடமிருந்து ராணிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. வருகிற தபாலைக் கத்தி தொடுவதில்லை. அவருக்கு வேண்டியது ராணி கைப்பட எழுதியதுதான். பதிவுத் தபால் என்றால் வாங்குகிறவர் கையெழுத்து வேண்டும். தபால்காரர் பையை மாட்டுவதற்கு முன் அம்மா அதை எடுத்துக்கொண்டு பக்கவாசலைத் தாண்டினாள். சிப்பாய் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

பெரிய கூடத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. அதைத் தாண்டி, முன்பு துணி தேய்க்கப் பயன்பட்ட அறை. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, அடிபிடித்துக் கறுத்த ஒரு சின்னப் பாத்திரம். ராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். காருக்குள் தெரிந்ததைவிடக் குள்ளம்.

உட்காரச் சொன்னதற்கு அம்மா, வேலை நேரம் என்று மறுத்துவிட்டுக் கையெழுத்தை வாங்கினாள். ஆனால் நகரவில்லை. ராணி நின்றபடியே உறையைப் பிரித்துப் படித்தாள்.

"எத்தனை தடவை எழுதினேன். ஒரு வரிகூட வரலைன்னு எழுதறா. அவமேல கோவமான்னு கேக்கறா."

"வராது. ஸ்டாம்ப் இல்ல."

"ஸ்டாம்ப் இல்லேன்னா திருப்பி அனுப்பணும். எங்க போச்சு எல்லாம்?"

அம்மா சொன்னாள். கத்தியைப் பற்றி, பத்திரிகையைப் பற்றி, தலைப்பைப் பற்றி. ராணிக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

"எது எது வந்தது?"

"முட்டை வந்துச்சு. மூட்டுவலி வந்துச்சு. பிள்ளை தங்காததும் வந்துச்சு."

ராணி சுவரிலிருந்து கையை எடுத்தாள். நிற்க முடியாமல் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"ஊர் என்ன சொல்லுது?"

"சிரிக்குது."

"நீ?"

"முட்டைக்குச் சிரிச்சேன்."

கவுண்ட்டருக்கு நேரில் வந்து தபால்தலை வாங்கி ஒட்டினால் கடிதம் போகும் என்று அம்மா உத்தரவை விளக்கினாள். ராணி தலையை ஆட்டவில்லை. ராஜா கண்மேல் இருந்த பட்டையிலேயே பிடிவாதமாக நின்றாள். அந்த முகத்தோடு ஒரு ஆயுசு வாழ்ந்தவளாம். கண்ணைக் கட்டிய படத்தின் பின்னால் எச்சில் தொட்டு ஒட்டி, அவர்கள் செய்தது சரி என்று தானே ஒப்புக்கொள்வதா என்று கேட்டாள்.

அம்மா அப்போதுதான் கயிற்றுக் கதையைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள். எங்கப்பா கண்ணை என் கையாலதான் மூடினேன், அதுக்கு நான் யாருகிட்ட முறைச்சுக்கிட்டு நிக்கறது என்று முடித்தாள்.

"எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை" என்றாள் ராணி.

"இருக்காது. கண்ணாடி ஏத்தியிருந்துச்சு."

ராணி மகளின் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "அப்படின்னா எதுக்கு வந்தே? நான் படற பாட்டைப் பார்த்துட்டுப் போகவா?" என்றாள்.

"பாதி அதுக்குத்தான்."

"மீதி?"

"மீதி உங்க பொண்ணுக்கு. எனக்கும் ஒண்ணு தங்கல. உன்மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுத எங்கம்மா உயிரோட இல்ல. உங்க பொண்ணுக்கு அம்மா இருக்கா, எழுதவும் எழுதியிருக்கா. ஒரு துண்டு ஸ்டாம்ப்புல நின்னுபோச்சு. அது உங்க வீம்பு. அவங்களுக்குத்தான் அது தோதா இருக்கு."

பல் டாக்டரிடம் போக ராணியை அனுமதிக்கிறார்கள்தானே, ஆபீஸ் அந்த வழியில்தான் இருக்கிறது என்றாள் அம்மா. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வந்தா வரிசையில நிக்கணும்."

ராணி வந்தாள். பட்டப்பகலில், சந்தைக் கூட்டம் கவுண்ட்டரில் நிற்கும் நேரத்தில், இரண்டு பக்கமும் சிப்பாய்களோடு. பேச்சு சட்டென்று அடங்கியது. பழக்கம் லேசில் போகுமா. வரிசை தானாக விலகி, நடுவில் ராஜபாட்டை திறந்தது. ராணியும் பழக்கத்தில் அதில் காலை வைத்தாள்.

"வரிசை அங்க முடியுது" என்றாள் அம்மா, கம்பி வலைக்குப் பின்னால் இருந்து.

"ஏய், யாருகிட்டப் பேசறே தெரியுதா" என்று அதட்டியது ஆட்சிக்குழுவின் சிப்பாய். சொன்ன பிறகுதான் தான் யாருடைய சிப்பாய் என்பது அவனுக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

ராணி கடைசிக்குப் போய் நின்றாள். யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். உட்காரவில்லை. மூட்டுக்கு மூட்டு வலித்தது நடையில் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொருவராக நகர நகர அவளும் நகர்ந்தாள். டீக்கடையில் முட்டை ஜோக் அடித்தவன் அவளுக்கு முன்னால் நின்றிருந்தான். திரும்பிப் பார்த்தான். வந்த வேலையை விட்டுவிட்டு மெதுவாக நழுவினான்.

"வெளிநாட்டுக்கு ஒண்ணு" என்றாள் ராணி கவுண்ட்டருக்கு வந்ததும். அம்மா கடிதத்தைத் தராசில் வைத்தாள். முள் ஆடி நிற்கும்வரை அம்மாவும் காத்திருந்தாள், ராணியும் காத்திருந்தாள். காசு கை மாறியது. ராணி தபால்தலையைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு நாக்கில் தொட்டு உறையில் வைத்து, கறுப்புப் பட்டையின் மேல் கட்டை விரலை அழுத்தினாள். ஒட்டுவதற்குத் தேவைப்படும் நேரத்தைவிட அதிகமாகவே அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கத்தி பின்னறையிலிருந்து வந்துவிட்டார்.

"அதை இப்படிக் கொடுங்க தங்கச்சி. நான் பார்க்கணும்."

அம்மா தேதி முத்திரையை ஓங்கி இறக்கினாள். ஆபீஸே அதிர்ந்தது. கடிதத்தைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை ஊற்றி முத்திரை அழுத்தினாள். பிறகு பையைத் தூக்கி, எல்லார் கண்ணுக்கும் படும்படி கவுண்ட்டர் மேல் வைத்தாள்.

"ஸ்டாம்ப் இருக்கு, முத்திரை இருக்கு. இனிமே இது இந்த ஊர்க்காரங்க எல்லாரோட பை. உடைக்கணும்னா இங்கயே, இவங்க முன்னாடி உடைங்க."

வரிசையில் நின்றவர்களின் கடிதங்களும் அதே பையில்தான் இருந்தன. பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு எழுதியது, கடல் கடந்து போன புருஷனுக்கு எழுதியது, கடன் கேட்டு மாமனுக்கு எழுதியது. அவர்கள் ராணியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கத்தியின் கையைப் பார்த்தார்கள். கத்தி அந்தப் பார்வையைப் பார்த்தார். கை பைமேல் படவில்லை.

"நாளையிலிருந்து நீங்க வரவேண்டாம்" என்றார். குரலில் வெல்லம் இல்லை. போஸ்ட்மாஸ்டரிடம் திரும்பி, பையை நிறுத்தி வையுங்கள் என்றார்.

"ஆகட்டும் சார்" என்றார் ஆகட்டும். சொல்லிக்கொண்டே பையைத் தபால் வண்டியில் ஏற்றுவதற்கான சீட்டில் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் நீட்டினார். அந்தக் கையெழுத்தை அம்மா கடைசிவரை சொல்லிச் சொல்லி மெச்சுவாள்.

பையை அம்மாவே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அந்த உடம்போடு தூக்கியிருக்கக் கூடாது. தூக்கினாள். ராணி அவளைத் தடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. சிப்பாய்களோடு பல் டாக்டர் வீட்டுப் பக்கம் நடந்தாள். தபால் வண்டி கிளம்பியது. கத்தி துறைமுகத்துக்குப் போன் போட்டார். அங்கே மலைபோலப் பைகள் குவிந்து கிடந்தன, கப்பலும் கிளம்ப இருந்தது. அந்த நேரத்தில் போய்த் தேட யாருக்கும் மனமில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தது. மகளிடமிருந்து பதில் வந்ததை ஆகட்டும்தான் பின்கதவில் வந்து கிசுகிசுத்துவிட்டுப் போனார். ராணி இப்போதெல்லாம் பல் வலி என்று வாராவாரம் வெளியே வருகிறாளாம். வரிசையில் நின்று தபால்தலை வாங்கி ஒட்டிவிட்டுப் போகிறாளாம். ஆபீஸில் எந்நேரமும் கூட்டமாம். 'அந்தப்புர அஞ்சல்' பக்கத்தில் இப்போது சோப்பு விளம்பரம் வருகிறதாம்.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணக் கெடு முடிவதற்கு முன்தினம் கத்தி வீட்டுக்கே வந்தார். மறுபடி தங்கச்சி, மறுபடி வெல்லம். நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்பங்கரையைப் பார்த்து, அம்மாவின் வயிற்றைப் பார்த்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். மேலிடத்துக்கு ஒரு விளக்கம் வேண்டுமாம். நடந்ததெல்லாம் ராணி சொல்லிச் செய்தது என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும். அரசாங்க ஊழியரை ராணி வளைத்துப் போட்டாள் என்றாகிவிட்டால் வெளியே வருவதையும் கடிதம் எழுதுவதையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம். அதை அவர் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

அப்பா கதவருகே நின்றிருந்தார். அவருக்கும் புரிந்தது. இருந்தாலும், "ஒரு வரிதானே" என்றார் தரையைப் பார்த்து. அவரைக் குறை சொல்ல முடியாது. வெளியே மழைக்காலம், வாடகைக்கு எங்கும் வீடு அமையவில்லை.

"பேனா குடுங்க சார்" என்றாள் அம்மா.

கத்தி மூடியைத் திறந்தே கொடுத்தார். அம்மா தாளைச் சுவரில் வைத்து, நின்றபடியே, முகவரி எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கீழே முழுப்பெயரையும் எழுதி, தபால் எழுத்தர் என்றும் போட்டுக் கையெழுத்திட்டாள். ஊதிக் காயவைத்து நீட்டினாள்.

கத்தி படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அப்பா எட்டிப் பார்த்தார். 'நான் சொல்லித்தான் ராணி செய்தார்' என்று எழுதியிருந்தது.

"நீங்க கேட்ட ஒரு வரி" என்றாள் அம்மா.

கத்தி போனதும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலைப் பிரிக்க ஆரம்பித்தார். கால் பக்கத்து நட்டு துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. அம்மா ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.